குருதியின் வயது

திருவனந்தபுரம் வலியசாலையின் தமிழ் அக்கிரகாரத்தில் வீடுகள் பொதுச்சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்கின்றன. ஒரே காலத்தில் எழும்பிய இரண்டு வீடுகளில் ஒன்றின் உத்தரம் இன்றும் உறுதியாக இருக்கும். ஒட்டிய வீட்டின் உத்தரத்தைக் கரையான் தின்றிருக்கும். ஆகவே, கட்டிய ஆண்டை மட்டும் கேட்டுக்கொண்டு அத்தெருவில் எவரும் வீடு வாங்குவதில்லை. மனிதருக்கு மட்டும் நாம் அந்தக் கேள்வியோடு நின்றுவிடுகிறோம். மருத்துவமனைக் கோப்பின் முதல் வரியில் பெயருக்கு அடுத்து இடம்பெறுவது வயது.

அவ்வரிசை வீடு ஒன்றில் வாழும் ஓய்வுபெற்ற அரசுக் கணக்கு அலுவலரின் கோப்பில் அவ்வாறுதான் எழுதப்பட்டிருந்தது: ஆண், 61. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று பரிசோதனைக்குச் சென்றவருக்குக் குருதியின் மூவகை அணுக்களும் குறைந்திருப்பது தெரிந்தது. மஜ்ஜையை எடுத்துப் பார்த்தபின் நோயின் பெயரும் தெரிந்தது: மயலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம். மஜ்ஜை ஓயாமல் உழைக்கும். ஆயினும் அது ஈனும் அணுக்கள் முதிராமலே மடியும். நாளடைவில் அது கடுமையான இரத்தப் புற்றுநோயாக மாறக்கூடும். முழுமையாகக் குணமாக்க வல்ல வழி ஒன்றே ஒன்றுதான். பிறருடைய குருத்தணுக்களைப் பெற்று மஜ்ஜையைப் புதிதாக நிறுவுவது.

இந்நோயைப் புரிந்துகொள்ள மஜ்ஜை எவ்வாறு மூப்படைகிறது என்பதை அறிய வேண்டும். 2022-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை இதனைத் தெளிவாகக் காட்டியது. பிறந்த நாளிலிருந்து ஒவ்வொரு குருத்தணுவும் ஆண்டுக்கு ஏறத்தாழ 17 பிறழ்வுகளைச் சேர்த்துக்கொள்கிறது. 65 வயதுக்குட்பட்டோரிடம் பல்லாயிரக்கணக்கான குருத்தணுக்கள் பணியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. எந்த ஒன்றின் வாரிசுகளும் மேலோங்குவதில்லை. 75-ஐக் கடந்தோரிடமோ பன்னிரண்டு முதல் பதினெட்டு குருத்தணுக்களின் வாரிசுகளே குருதியில் 30 முதல் 60 விழுக்காடுவரை நிரம்பியிருக்கின்றன. ஊர்ப்பொதுவாக இருந்த நிலம் சில குடும்பங்களின் கைக்குப் போய்ச் சேர்வதைப் போன்றது இது. பெரும்பாலோருக்கு இதனால் நோய் வருவதில்லை. சிலருக்கு, மேலோங்கிய ஒரு வாரிசுக் கூட்டத்தில் அடுத்தடுத்துப் பிறழ்வுகள் சேர்ந்து நோயாகின்றன. வலியசாலைக்காரரின் மஜ்ஜை அவ்வழியில் வெகுதூரம் சென்றுவிட்டிருந்தது. நாட்காட்டி 61 என்றது. மஜ்ஜை வேறொரு கணக்கைச் சொன்னது.

கொடையாளரைத் தேடும் படலம் தொடங்கியது. உடன்பிறந்தார் ஒருவரின் எச்.எல்.ஏ. அடையாளங்கள் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பெற்ற பிள்ளை பாதியளவு பொருந்துவது உறுதி. கொடையாளர் பதிவேடுகளில் அவருக்குப் பொருத்தமானவர் அகப்படவில்லை. வீட்டுக்குள்ளேயே இருவர் இருந்தனர். ஒருவர் அவருடைய அக்கா, வயது 67, முழுப் பொருத்தம். மற்றவர் மகன்; பெங்களூரில் வேலை; வயது 30; பாதிப் பொருத்தம்.

அக்கா இளமையிலேயே கணவரை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். மகப்பேறு இல்லை. தாய் மறைந்தபின் தம்பியை வளர்த்தவர் அவர்தாம். விடியுமுன் வாசல் தெளித்துக் கோலமிடுவதும், சாலைக் கம்போளத்துக்கு நடந்து சென்று காய்கறி வாங்கி வருவதும் நாற்பது ஆண்டுகளாக அவருடைய வேலைகள். பொருத்தம் முழுமை என்ற செய்தி வந்தவுடன், "இவனுக்கு நான்தான் குடுப்பேன். இதுல பேச என்ன இருக்கு?" என்றார்.

பேச நிறையவே இருந்தது. மகன் ஆய்வுக்கட்டுரைகளைப் படித்துவிட்டு வந்திருந்தான். இளையவரின் குருத்தணுக்களே மேல் என்று அவற்றில் கண்டிருந்தான். ஆகவே, தானே தருவதாகச் சொன்னான். தந்தை மறுத்தார். "யயாதி பண்ணின காரியத்தை என்னைப் பண்ணச் சொல்றயா?" என்று கேட்டார். அக்கிரகாரத்துக் கோயில் உபந்நியாசங்களில் பாரதம் கேட்டு வளர்ந்தவருக்கு அக்கேள்வி விளையாட்டாக எழுந்ததன்று. சுக்கிராசாரியாரின் சாபத்தால் அகாலத்தில் கிழவனான யயாதி, தன் மூப்பை வாங்கிக்கொண்டு இளமையைத் தருமாறு ஐந்து புதல்வரிடமும் கேட்டான். நால்வர் மறுத்தனர், இளையவனாகிய பூரு இசைந்தான். மகன் நரைத்து ஒடுங்க, தந்தை இளைஞனாகத் திரிந்தான். பிள்ளையின் உடலிலிருந்து தன் வாழ்நாளை எடுத்துக்கொள்வதா என்பதே அவருடைய தயக்கம்.

மகன் படித்தவை பொய்யல்ல. அமெரிக்கத் தேசியக் கொடையாளர் பதிவேட்டின் வழியே நடந்த 6,978 மாற்றுச் சிகிச்சைகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2001-இல் வெளிவந்தது. கொடையாளர் 18 முதல் 30 வயதினராயின், ஐந்தாண்டுக்குப்பின் உயிர்வாழ்ந்த நோயாளர் நூற்றுக்கு 33. 31 முதல் 45 வயதினராயின் 29. அதற்கு மேற்பட்டோராயின் 25. 2016-இல் வந்த தொடர் ஆய்வு, கொடையாளருக்குப் பத்து வயது கூடுந்தோறும் நோயாளரின் இறப்பு இடர் 5.5 விழுக்காடு உயர்வதாகக் கணித்தது.

ஆனால் இக்கணக்குகள் உறவினரல்லாத கொடையாளரைப் பற்றியவை. வயது முதிர்ந்த, முழுப் பொருத்தமுள்ள உடன்பிறப்பா, இளைய, பாதிப் பொருத்தமுள்ள பிள்ளையா என்ற கேள்விக்கு ஆய்வுகள் ஒரே குரலில் விடை சொல்லவில்லை. சில உடன்பிறப்பின் பக்கமும் சில பிள்ளையின் பக்கமும் சாய்கின்றன. நோயின் வகையும் சிகிச்சை முறையும் மாறும்போது விடையும் மாறுகிறது. ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஏறும் இடர் சிறிது. பொருத்தக் குறைவால் வரும் தொல்லையும் சிறிதன்று. தராசின் இரண்டு தட்டுகளிலும் எடை இருந்தது.

பொருந்திய உடன்பிறப்புகளிடையே நடந்தது என்ன என்பதைப் பல ஆண்டுகளுக்குப்பின் திரும்பிச் சென்று பார்த்த ஆய்வு ஒன்று 2024-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. கொடையாளரும் பெற்றவருமாகப் பத்து இணைகள். சிகிச்சை முடிந்து 9 முதல் 31 ஆண்டுகள் கடந்தவர்கள். 18 முதல் 47 வயதுக்குள் கொடுத்தவர்களின் குருத்தணுக்களில் 5,000 முதல் 30,000 வரை வேரூன்றி இன்னும் பணியாற்றிக்கொண்டிருந்தன. 50 முதல் 66 வயதுக்குள் கொடுத்தவர்களிடமிருந்து வேரூன்றியவை ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்கே. பெற்றவரின் மஜ்ஜையில் குருத்தணுக்களின் பன்மை, கொடுத்தவரின் மஜ்ஜையைக் காட்டிலும் 10 முதல் 15 ஆண்டு கூடுதலாக மூத்ததைப் போலக் குறைந்திருந்தது. சிறு எண்ணிக்கையில் குடியேறியவை வெற்றிடத்தை விரைந்து நிரப்ப நேர்ந்ததன் விலை அது. ஆயினும் அவ்விலையைக் கொடுத்தவர்கள் முப்பதாண்டுக்குப்பின்னும் உயிரோடிருந்து ஆய்வுக்குக் குருதி தந்தார்கள் என்பதையும் அக்கட்டுரையில் சேர்த்தே படிக்க வேண்டும்.

இதுவரை சொன்னது கொடுப்பவரின் வயது. பெறுபவரின் வயதுக்கு வேறொரு வரலாறு உண்டு. இத்துறைக்காக 1990-இல் நோபல் பரிசு பெற்ற டொன்னல் தாமஸின் காலத்தில், நோயாளரின் மஜ்ஜையை முற்றாக அழிக்கும் கடுமையான மருந்தும் கதிர்வீச்சும் கொடுக்கப்பட்டன. முதியோர் அதனைத் தாங்கமாட்டார் என்று விலக்கப்பட்டனர். இந்தியாவில் 1983-இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் நடந்த முதல் வெற்றிகரமான மாற்றுச் சிகிச்சையில் குருத்தணு பெற்றவர் ஒரு சிறுமி. பின்னர் மென்மையான முன்சிகிச்சைகள் வந்தன. அவற்றைப் பெற்ற 60 முதல் 75 வயதுவரையான 372 பேரைப் பற்றி 2011-இல் சியாட்டில் குழுவினர் எழுதினர். ஐந்தாண்டுக்குப்பின் அவர்களில் 35 விழுக்காட்டினர் உயிர்வாழ்ந்தனர். விளைவைத் தீர்மானித்தவை நோயின் தீவிரமும் உடன்நோய்களின் சுமையுமே. அறுபதைக் கடந்தபின் மேலும் எத்தனை வயது என்பது தனித்த காரணியாக நிற்கவில்லை.

இவ்வுண்மையை வேறொரு வாயிலில் நெடுநாள் முன்பே கண்டது வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி. 1986-இல் அங்கே இச்சிகிச்சை தொடங்கியது. தலசீமியா நோயுற்ற குழந்தைகள் பலர் அங்கே வந்தனர். மேலைநாட்டு வகைப்பாட்டின்படி கடைநிலையில் வைக்கப்பட்ட அக்குழந்தைகளுக்குள்ளேயே பெரும் வேறுபாடு இருப்பதை அம்மருத்துவர்கள் கண்டனர். ஏழு வயதை எட்டியதும், கல்லீரல் விலா எலும்புக்குக் கீழே ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு வீங்கியிருந்ததும் ஒருசேர அமைந்த குழந்தைகளே மிகுதியாக இறந்தனர். 2007-இல் அதனைப் பதிவு செய்தனர். ஏழு வயதுக் குழந்தையை எவரும் முதியவர் என்னமாட்டார். ஆனால் ஒழுங்கான மருந்தின்றி ஆண்டுக்கணக்காக இரும்பு சேர்ந்த கல்லீரலுக்கு ஏழு வயதென்று சொல்வதும் பொருந்தாது. மருத்துவர்கள் அதோடு நிற்கவில்லை. கல்லீரலை அவ்வளவாகத் தாக்காத திரியோசல்ஃபான் என்னும் மருந்துக்கு மாறினர். முன்பு பத்தில் நால்வர்கூடப் பிழைக்காத அக்குழுவில் எட்டுப் பேருக்கு மேல் பிழைத்ததாக 2013-இல் எழுதினர். உடலின் மூப்பை அளந்து அறிவது நோயாளரைக் கதவுக்கு வெளியே நிறுத்துவதற்காக மட்டும் என்றிருக்க வேண்டியதில்லை. சிகிச்சையை அவருக்கேற்ப மாற்றுவதற்கும் அது உதவும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று நம் பக்கத்தில் இல்லை.

வலியசாலைக்காரரைப் பரிசோதித்த மருத்துவரும் அவ்வழியே சென்றார். பிறந்த ஆண்டைக் குறித்தபின் நெடுநேரம் வேறு கேள்விகளைக் கேட்டார். எவ்வளவு தூரம் நிற்காமல் நடப்பார், கடந்த ஆறு மாதங்களில் எத்தனை கிலோ இழந்தார், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவாரா, மாத்திரைகளைத் தாமே எண்ணி எடுத்துக்கொள்வாரா. இதயமும் நுரையீரலும் சிறுநீரகமும் அளக்கப்பட்டன. இருபதாண்டுச் சர்க்கரை நோய் சிறுநீரகத்தைச் சற்றே தொட்டிருந்தது. மற்றவை தேர்ந்தன.

மகனுக்கு இன்னும் ஒரு கேள்வி இருந்தது. உயிரியல் வயதை அளக்கும் கடிகாரங்கள் வந்துவிட்டனவே. அவற்றைக் கொண்டு அத்தைக்கும் தனக்கும் அளந்து பார்த்துவிடலாமே என்றான். 2013-இல் ஸ்டீவ் ஹார்வத், டி.என்.ஏ.வின் 353 இடங்களில் உள்ள மெத்தில் குறிகளைக் கொண்டு வயதைக் கணிக்கும் முறையை வெளியிட்டார். அக்கடிகாரத்தை மாற்றுச் சிகிச்சை பெற்றோரிடம் வைத்துப் பார்த்தவர்கள் விந்தையான ஒன்றைக் கண்டனர். பெற்றவரின் உடலில் பல்லாண்டுகள் ஓடியபின்னும் அக்குருதி கொடுத்தவரின் வயதையே காட்டிற்று. பதினேழு ஆண்டுக்குப்பின்னும் அவ்வாறே. முதியவரின் உடலுக்குள் சென்ற இளைஞரின் குருதி முதியதாவதில்லை. இளைஞரின் உடலுக்குள் சென்ற முதியவரின் குருதி இளமை பெறுவதுமில்லை. தங்கும் வீடு மாறினாலும் அணு தன் பிறந்தநாளை மறப்பதில்லை.

டெலோமியர்களும் ஆராயப்பட்டன. மஜ்ஜை வறண்டுபோன நோயாளர் 330 பேரைப் பற்றி 2015-இல் வந்த ஆய்வில், கொடையாளரின் டெலோமியர் நீண்டிருந்தால் பெற்றவர் பிழைக்கும் வாய்ப்பு கூடியது. கொடையாளரின் நாட்காட்டி வயதைக் கணக்கில் எடுத்தபின்னும் அவ்வுறவு நீடித்தது. ஆனால் கூட்டத்தின் சராசரியில் தெரியும் வேறுபாடு, எதிரே அமர்ந்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு இவரா அவரா என்று சொல்லும் அளவுகோலாக இன்னும் வளரவில்லை. மருத்துவர் மகனிடம் அதனை மறைக்காமல் சொன்னார்.

பின்பு தந்தையின் யயாதிக்கும் விடை சொன்னார். பூருவைப் போல மகன் கிழவனாகமாட்டான். ஐந்து நாள் ஊசி போட்டு, சில மணி நேரம் இயந்திரத்தின் வழியே குருதியைச் சுற்றவிட்டு எடுக்கும் குருத்தணுக்களை, கொடுத்தவரின் மஜ்ஜை சில வாரங்களில் ஈடுசெய்துகொள்ளும். யயாதியைப் போலத் தந்தை இளைஞராகவும்மாட்டார். இளமையாவது குருதி மட்டுமே. சிறுநீரகமும் இதயமும் தம் வயதிலேயே இருக்கும். சிகிச்சையின் கடுமையால் அவை சற்று மூக்கவும் கூடும். இதிகாசம் கணக்கிட்ட இரண்டு இடங்களிலும் மஜ்ஜை வேறு கணக்குப் போடுகிறது. கொடுப்பவர் இழப்பதும் பெறுபவர் அடைவதும் அங்கே சமமாக இல்லை.

தந்தையின் மறுப்பு அதன்பின் தளர்ந்தது. மகனிடமிருந்து பெறவும் அவர் இசைந்தார். அந்த இசைவுக்குப் பிறகே தேர்வு உண்மையான தேர்வாயிற்று.

அக்காவிடம் கொடையாளருக்குரிய கேள்விகள் கேட்கப்பட்டன. எத்தனை முறை கருவுற்றீர்கள் என்பது அவற்றுள் ஒன்று. அறை சற்று நேரம் அமைதியாயிற்று. அத்தெருவில் நாற்பது ஆண்டுகளாகப் பலர் பல விதமாக அவரிடம் கேட்டுவிட்ட கேள்வி அது. சுமங்கலிப் பிரார்த்தனைகளுக்கும் வளைகாப்புகளுக்கும் அவரை அழைக்காமல் விட்டதன் வழியாகவும் கேட்டிருந்தார்கள். "இல்லை" என்றார். மருத்துவர் சுழியம் என்று எழுதிவிட்டு, அது நல்லது என்றார். கருவைச் சுமக்கும் உடல் அக்கருவின் அயல் புரதங்களை அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்கிறது. பலமுறை கருவுற்ற பெண்ணின் குருதி ஓர் ஆணின் உடலுக்குள் செல்லும்போது, அவ்வுடலையே பகையாகக் கருதித் தாக்கும் நாட்பட்ட நோய் மிகுதியாக வருகிறது. கருவுறாதவரின் குருதியில் அவ்விடர் குறைவு.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அக்கா வெகுநேரம் பேசவில்லை. வாசலில் இறங்கும்போது, "பெத்துக்காததுக்கும் ஒரு கட்டத்துல மார்க்கு போட்டிருக்கா பாரு" என்றார்.

முழுப் பொருத்தம், நாள்தோறும் நடந்து உறுதியான உடல், பழுதற்ற குருதி எண்ணிக்கைகள், அந்தச் சுழியம் ஆகிய நான்கும் ஒரு பக்கம். முப்பத்தேழு ஆண்டு இளமை மறுபக்கம். இருவரில் எவரைத் தேர்ந்தாலும் அதனைப் பிழை என்று கூற முடியாது என்றே மருத்துவர் குழு சொன்னது. அக்காவைத் தேர்ந்தனர். மகன் மாற்றுக் கொடையாளராகக் காத்திருந்தான். விடுப்பெடுத்து வந்து தந்தையின் அறைக்கு வெளியே நாற்பது நாள் இருந்தான்.

பதினாறாம் நாள் வெள்ளணுக்கள் ஏறத் தொடங்கின. மூன்றாம் மாதம் குருதியைச் சோதித்தபோது அணுக்கள் அனைத்தும் பெண்ணின் குரோமோசோம்களைக் காட்டின. 'பி' ஆக இருந்த இரத்த வகை 'ஓ' ஆகிவிட்டது. தோலில் தடிப்பு வந்து மருந்தில் அடங்கியது. நோய் முற்றும் நீங்கிவிட்டதென்று இப்போதே எவரும் சொல்லமாட்டார். இன்னும் சில ஆண்டுகள் கடக்க வேண்டும்.

அவ்வாண்டு நவராத்திரிக்கு வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் சரஸ்வதியோடு வழக்கம்போல நகருக்கு எழுந்தருளினர். கூட்டத்துக்குள் செல்ல அவருக்கு அனுமதியில்லை. வீட்டுக் கொலுவுக்கும் வெளியார் அழைக்கப்படவில்லை. மாலையில் விளக்கேற்றியபின் மகன் பெங்களூரிலிருந்து தொலைபேசியில் அழைத்தான். அப்பாவின் குருதிக்கு இப்போது அத்தையின் வயது, அதாவது அப்பாவைவிட ஆறு வயது கூடுதல் என்பதை அத்தைக்கு விளக்கிச் சொன்னான்.

அக்கா சிறிது யோசித்தார். "அப்ப இந்த ஆத்துல நான் மட்டும் பெரியவ இல்லை," என்றார். பின்பு தம்பிக்கு எட்டரை மணி மாத்திரையை எடுத்துக் கொடுக்க எழுந்தார். எழும்போது நாற்காலியில் கையூன்றவில்லை.